வெர்ன் பார்த்த பெண்

"தலையைத் தூக்காதே. வாசல்ல என் தம்பி நிக்கிறான்" என்றார் லேலண்ட்.

மார்லிஸ் மெனு அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். "வெர்னா? அவன் பார்த்தா விடியறதுக்குள்ள நம்ம ஊர் ஆப்பிள்டன் முழுக்கத் தெரிஞ்சிடும். மில்வாக்கி வந்தா யார் கண்ணுலயும் படமாட்டோம்னியே."

"பேஸ்பால் பார்க்க வந்திருப்பான். நான் என்ன கனவா கண்டேன்?"

ஏரிக்கரையில் ரெண்டு நாள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார்கள். ஊர் விடவில்லை. ஹோட்டல் வாசலில் கார் கதவைத் திறந்தவரிலிருந்து படகுக்காரர் வரை எல்லோரும் நின்று நலம் விசாரித்தார்கள். இப்போது பரிமாறுகிற பெண்மணி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன கண்ணுங்களா, ஜோடிப் பொருத்தம் அள்ளுதே. கல்யாணமாகி எத்தனை வருஷம்?" அவள் குரல் கடைசி மேசை வரை கேட்டது.

"இருபத்தாறு" என்றார் லேலண்ட்.

"இன்னும் ஆகலை" என்றாள் மார்லிஸ், அதே நொடியில்.

பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, நான் ஒண்ணும் கேக்கலை. வெள்ளிக்கிழமைன்னா இந்த ஊர்ல எல்லாருக்கும் வறுத்த மீன்தானே?" என்று நகர்ந்தாள். அடுத்த மேசைக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஒரு பொய்யாவது ஒழுங்கா சொல்லக் கூடாதா?" என்று சீறினாள் மார்லிஸ்.

"நான் எங்க பொய் சொன்னேன்?"

"நானும்தான் சொல்லலை."

"அண்ணே" என்று பின்னால் குரல் கேட்டது. வெர்ன் பீர் கோப்பையோடு வந்துகொண்டிருந்தான். மார்லிஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். போன வாரம்தான் குட்டையாக வெட்டிச் சிவப்புச் சாயம் ஏற்றிய முடி.

கொஞ்ச நேரம் கழித்து லேலண்ட் மீன் பொட்டலங்களோடு ஏரிக்கரை பெஞ்சில் அவளைக் கண்டுபிடித்தார்.

"என்ன கேட்டான்?"

"யாருன்னு கேட்டான். ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவள்னேன். நம்பலை."

மார்லிஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். சாப்பிடவில்லை. "நாம பண்றது சரிதானா, லேலண்ட்? பிரிட்டாவை நினைச்சாத்தான் பயமா இருக்கு. மறுபடியும் எம்பொண்ணை அழவைக்க என்னால முடியாது."

மார்லிஸின் செல்போன் அடித்தது. பிரிட்டாதான். லேலண்டுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா, உக்காந்திருக்கியா? வெர்ன் சித்தப்பா போன் பண்ணார். விவாகரத்து ஆகி ரெண்டு வருஷம்கூட ஆகலை, அப்பா மில்வாக்கில யாரோ ஒருத்தியோட சுத்தறாராம். முகத்தைப் பார்க்கலையாம், பின்னாலேருந்துதான் பார்த்தாராம். நாப்பது வயசுகூட இருக்காதுங்கறார். நீ மனசை விட்டுடாதேம்மா."

லேலண்டின் வாயில் மீன் அப்படியே நின்றது. ஐம்பத்து மூன்று வயது மார்லிஸ் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"உன் சித்தப்பா தங்கமான மனுஷன்டி."