சுற்றுப்பாதை

பத்தாம் வகுப்பில் பேச்சையும் தூக்கத்தையும் விட்டுவிட்ட இனியாவை அரசாங்கம் மனம் தேறுவதற்கான நாற்பது நாள் காட்டு முகாமில் சேர்த்திருந்தது. அவளுடைய அம்மா சங்கவி வேலை நாளெல்லாம் தோட்டத்துக் காபிக்கொட்டை மூட்டையைச் சுமந்துகொண்டு முகாம் வேலியோரமாகத்தான் போவாள். ஓடைப் பாறையில் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்தபடி மகள் உட்கார்ந்திருப்பாள். கூப்பிடக் கூடாது, பார்க்கலாம்.

பதினெட்டாம் நாள் முகாம் ஆலோசகர் வேலியருகே காத்திருந்தார்.

“அக்கா, அவ கைப்பட்டையில நாள் முழுக்கப் பதற்றம் கம்மியாத்தான் காட்டுது. நீங்க போற அஞ்சு நிமிஷம் மட்டும் ஏறுது. கண்ணத் தொறக்காமலே காலடிச் சத்தத்துல கண்டுபிடிச்சிடுறா.”

“மூட்டை தூக்குறேன்னு பாவப்படுறாளோ என்னவோ.”

“ஞாயித்துக்கிழம வெறுங்கையோடதான வந்தீங்க. அன்னைக்கும் ஏறுச்சு.”

சங்கவிக்குக் கழுத்து வலித்தது. மூட்டையை இறக்கவில்லை. இறக்கினால் தூக்கிவிட ஆள் வேண்டும்.

“தூங்குறாளா சார்?”

“நேத்து ஏழு மணி நேரம்.”

வீட்டில் ஒரு வருஷமாக அவள் அப்படித் தூங்கியதில்லை.

“நாப்பது நாள் முடிஞ்சா வீட்டுலயும் தூங்குவாள்ல?”

“தெரியலக்கா. அங்க நீங்க இருப்பீங்களே.”

சங்கவி மேட்டு வழியில் திரும்பினாள். இரண்டு கிலோமீட்டர் கூடுதல். அங்கே நடந்தால் காலடிச் சத்தம் ஓடைவரை கேட்காது.