சத்தம் போடாத ரிலே

"இந்த 'டிக்'குக்கு ஒரு முடிவு கட்டும்மா எலிசா. காதுக்குள்ள சுத்தியால அடிக்கிற மாதிரி இருக்கு!"

காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மாமனார் ஜெபதாஸ் ஆரம்பித்துவிட்டார். எலிசாவுக்கு முகம் சுண்டிப்போனது.

படித்தது எலக்ட்ரானிக்ஸ். கல்யாணமாகி சித்தூர் வீட்டுக்கு வந்த கையோடு அவளே வயர் இழுத்து, செல்போனில் தட்டினால் ஃபேன் சுற்றவும், ஆள் நடந்தால் வராந்தா லைட் தானாக எரியவும் செய்து வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் சுவர்ப் பெட்டிக்குள் கரண்ட்டை இணைக்கிற ரிலே 'டிக்' என்று அடிக்கும். அவ்வளவுதான்.

"எனக்கு ஒரு சத்தமும் தெரியலையே! புள்ள எவ்வளவு அழகா செஞ்சிருக்கு, அதைக் கொறை சொல்லிக்கினு…" என்று மாமியார் ஞானசௌந்தரி கணவரை அதட்டினாள்.

தங்கமான மாமியார். மாமனார்தான் இப்படி வாய்த்துவிட்டார்.

"உங்கப்பாவுக்கு நான் எது செஞ்சாலும் குத்தம். பேசாம திருப்பதியில தனியா வீடு பாருங்க" என்று கணவன் ஆண்ட்ரூவிடம் பொருமினாள்.

"மொதல்ல ரிலேயை மாத்திப் பாப்போம். அப்புறம் வீட்டை மாத்தலாம்" என்றான் அவன்.

சனிக்கிழமை மாமனாரும் மருமகளும் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள். வழி முழுக்க எலிசா ஜன்னல் பக்கம் திரும்பிய முகத்தைத் திருப்பவே இல்லை.

எலக்ட்ரானிக்ஸ் கடை கிருஷ்ணப்பா மேஜைமேல் இரண்டு போர்டுகளை வைத்து வயர் கொடுத்தார்.

"ஒண்ணு சாதா ரிலே மாட்யூல். இன்னொண்ணு சாலிட் ஸ்டேட். அதுல சத்தமே ராது… வராது சார்."

எலிசா கடைசியாக ஒருமுறை வாதாடிப் பார்த்தாள். "அதுல சின்ன எல்.இ.டி. பல்பு அணைச்சப்புறமும் லேசா மினுக்கும் மாமா."

"மினுக்கினா மினுக்கட்டும். கத்தக் கூடாது. நீங்க போட்டுக் காட்டுங்க."

கிருஷ்ணப்பா பட்டனைத் தட்டினார். ஜெபதாஸ் போர்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

"ஆ! இதுதான் வேணும். பாரும்மா, மூச்சே விடல! இதையே கட்டுங்க."

"சார், இப்ப போட்டது சாதா ரிலே" என்றார் கிருஷ்ணப்பா. "சாலிட் ஸ்டேட்டை இன்னும் போடவே இல்லையே!"

எலிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த 'டிக்' எதிர்க்கடைக்கே கேட்டிருக்கும்.

"மாமா, உங்களுக்குக் கேக்கலையா?"

ஜெபதாஸ் மாட்டிக்கொண்ட முழி முழித்தார்.

"பேசறதெல்லாம் கேக்குதும்மா. இந்த மாதிரி சன்ன சத்தம் காதுல விழுந்து வருஷக்கணக்காகுது."

"அப்ப எதுக்கு மாமா தெனமும் 'டிக்'கு, 'டிக்'குன்னு என் உயிரை எடுத்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் அத்தைதாம்மா… வராந்தாவுல ஒரு பூனை போனாக்கூட அந்த 'டிக்'குல முழிச்சிக்கினு, விடிய விடிய பொரண்டுக்கினு கெடக்கறா. கேட்டா, 'ஆசையா செஞ்சிருக்கு, புள்ள மனசு நோவும்'னு என் வாயைப் பொத்தறா. சரி, கெட்ட பேரு நானே வாங்கிக்கறேன்னுதான்…"