தள்ளி நில்லுங்க

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றாள் ஹெலன்.

பால்ராஜ் தள்ளிப் போனார்.

"இன்னும்."

"இதுக்கு மேல போனா கடல்லதான் நிக்கணும்."

ஃபோர்ட் கொச்சி கடற்கரை. பின்னால் பெரிய சீன வலை. போட்டோ எடுக்கப் போனை வாங்கியிருந்த மலையாளப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சேச்சி, ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க" என்றாள்.

"வேணாம்மா, இப்படியே எடு."

கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு ஆட்டோ போகலாம். அவ்வளவு இடம்.

பெங்களூர் நீலசந்திராவிலிருந்து வந்திருந்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு பேர் மட்டுமாகக் கிளம்பிய முதல் பயணம். பால்ராஜ் இதற்காகவே தலைக்கு மை அடித்து, பூப்போட்ட சட்டை ஒன்றும் எடுத்திருந்தார். மையும் சட்டையும் எல்லாப் போட்டோவிலும் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன.

யூதத் தெருவிலும் இதே கதை. மரீன் டிரைவிலும் இதே கதை. படகில் தள்ளிப் போக வழியில்லை. ஹெலன் நடுவில் ஹேண்ட்பேக்கை வைத்துவிட்டு, "இப்போ எடுங்க" என்றாள்.

பால்ராஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போன கிறிஸ்துமஸுக்குச் சர்ச் பெண்கள் குரூப்பில் அவள் போட்ட படத்தில் அவர் பாதிதான் இருந்தார். கேட்டதற்கு, "என் சேலை நல்லா விழுந்திருந்துச்சு, அதான்" என்றாள். இப்போது வெட்டுவதற்கு வசதியாக முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறாள். வேறென்ன?

மதியம் மீன் சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டே விட்டார்.

"எங்கூட நிக்கறது உனக்கு அசிங்கமா இருக்குதா?"

"இன்னா பேச்சு இது? சாப்பிடுங்க."

"தொப்பைதான் பிரச்சனைன்னா சொல்லிடு."

"தொப்பை இன்னைக்கா வந்துச்சு? சாப்பிடுங்க, மீன் ஆறுது."

இதெல்லாம் ஒரு பதிலா? மனிதர் நொந்துபோனார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தன் பக்கத்தில் நிற்க மனசில்லையே என்று பாதிச் சாப்பாட்டில் கையை எடுத்துக்கொண்டார். மீனில் முள் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தார்.

சாயங்காலம் துறைமுகத்துக்குள் ஒரு வெள்ளைக் கப்பல் மாடி மாடியாக நுழைந்தது. இரண்டு பேரும் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்கள். சுரங்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், கப்பலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஹெலன் பதறிக்கொண்டு எதிரில் வந்தவரிடம் போனைக் கொடுத்தாள்.

"சீக்கிரம், கப்பல் போயிடும். நீங்க தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். அந்த ஆள் "ரெடி" என்றதும், பால்ராஜ் ஒரே தாவாகத் தாவி மனைவி தோளில் கைபோட்டு ஒட்டிக்கொண்டார். போட்டோ விழுந்தது.

"இன்னா வேலை பண்ணீங்க?"

"இப்போ வெட்டு, பாக்கலாம்."

இன்னொன்று எடுப்பதற்குள் கப்பல் திரும்பிவிட்டது. ஹெலன் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பி வருகிற ரயிலில் சேலத்தில்தான் வாயைத் திறந்தாள். அதுவும் காபி வேணுமா என்று கேட்க.

வீடு வந்த மறுநாள் காலையில், "மார்க்கெட் போயிட்டு வரேன்" என்று கிளம்பியவள் மார்க்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் நடந்தாள். பால்ராஜ் விடுவாரா? பின்னாலேயே போனார். அவள் நுழைந்தது நோயலின் போட்டோ ஸ்டுடியோவில்.

வெட்டத்தான் வந்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடித்து என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி படியேறினார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டு வாசலிலேயே நின்றார்.

"இந்த நடு இடத்துல யாரை வைக்கணும்க்கா?" நோயல் கேட்டான்.

"எங்க பக்கத்து வீட்டு மெர்சியை. இந்தா, ஈஸ்டருக்கு எடுத்த போட்டோ. இதுல நின்னுக்கினு கீறா."

"அவங்க வரலையா?"

"கொச்சி போலாம்னு ஆசையைக் கிளப்பினதே அவதான். டிக்கெட் போடறதுக்குள்ள மாடிப்படில விழுந்து இடுப்பு போச்சு. எந்திரிக்கவே மாசக்கணக்காகும்னுட்டாங்க. நாங்க கிளம்பறப்ப சிரிச்சுக்கினே டாட்டா காட்டினா. அப்பால தலகாணில மூஞ்சிய வெச்சுக்கினு அழுதா. ஜன்னல்ல பாத்துட்டேன். மனசே கேக்கல நோயலு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவர்கிட்ட சொன்னா தெரு பூரா தெரிஞ்சுடும். எவளாவது போய் அவகிட்ட ஒளறிடுவா. திடீர்னு காட்டணும்."

நோயல் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாகத் தள்ளினான்.

"எல்லாத்துலயும் சூப்பரா உட்காரும்க்கா. இந்தக் கப்பல் போட்டோதான் கஷ்டம். இடமே இல்ல. அண்ணன் ஒட்டிக்கினு நிக்கறாரு."

ஹெலன் மெர்சியின் ஈஸ்டர் போட்டோவைக் கையில் எடுத்தாள். "மெர்சி கப்பலைத்தான் முதல்ல கேப்பா" என்றாள்.

பால்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் நோயலிடம் சொன்னார்.

"தம்பி, என்னை வெட்டிடு. அங்க மெர்சி நிக்கட்டும்."