பதினாலு ‘நன்று’

“அந்த ஆளுக்கு என் மேலே என்னதான் கோபம்க்கா?”

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக நோட்டைத் தூக்கிப் போட்டாள் கிருபாவதி. நாராயணவனத்தில் தபீதாள் அக்கா வீட்டில் தங்கி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பயிற்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள் அவள்.

சித்தூர் ட்ரெயினிங் ஸ்கூலிலிருந்து இங்கே தமிழ் வகுப்புக்கு வந்தவர்கள் இரண்டே பேர். அவளும் சிட்டிபாபுவும். ஒருவர் பாடம் நடத்தினால் மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, நிறை குறைகளை நடத்தியவரின் நோட்டிலேயே எழுத வேண்டும். அது விதி.

“இன்னிக்கு என்ன எழுதிக்கீறாரு?”

“நீயே பாருக்கா.”

பென்சிலில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. ‘கேள்வி கேட்டு மூச்சு விடுவதற்குள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறீர்கள். முன் பெஞ்சையே கேட்கிறீர்கள். ஜன்னலோரம் இருக்கும் செல்லியம்மாவை எட்டு நாளாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை.’

“எட்டு நாளும் எண்ணிக்கினு உக்காந்திருக்காரு பாரு! பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் கீது. ஆந்திரா தனியாப் பிரிஞ்சிடுச்சு, அடுத்த வருஷம் தமிழ் செக்ஷனே இருக்காதுன்றாங்க. இப்ப ஃபெயிலானா மறுபடி எழுத வழியே இல்ல. இந்த நேரத்துலயா மட்டம் தட்டுவாங்க?”

“நீ அவருக்கு என்ன எழுதின?”

“‘நன்று’ன்னுதான். இதுவரைக்கும் நடத்தின எல்லாப் பாடத்துக்கும் நன்று. நேத்து பழைய மேப்பை மாட்டிக்கினு, ‘நம்ம ராஜ்ஜியத்துக்குத் தலைநகர் மெட்ராஸ்’னு நடத்தறாரு. தலைநகர் கர்னூலுன்னு ஆகி ஒண்ணரை வருஷம் ஆயிப்போச்சு. பழைய புஸ்தகத்துல இருக்கறதை அப்படியே ஒப்பிக்கறாரு. அதைக்கூட நான் எழுதலக்கா. அடுத்தவங்க குறையத் தோண்டறது எங்க நைனா வளத்த வளப்பு இல்ல.”

“உன் மனசு யாருக்கு வரும்!” என்றாள் தபீதாள் அக்கா.

கோபம் கோபமாகவே இருந்தாலும், மறுநாள் வகுப்பில் கிருபாவதியின் கண் தானாக ஜன்னலோரம் போனது.

“செல்லியம்மா, நீ சொல்லு. நம்ம ஏரிக்கு மழைத்தண்ணி எப்படி வருது?”

செல்லியம்மா எழுந்து நின்றாள். முன் பெஞ்சில் ஆறு கைகள் உயர்ந்தன. பதில் கிருபாவதியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினாள். ஒன்பது எண்ணியபோது செல்லியம்மா வாய் திறந்தாள்.

“மலைலேர்ந்து கால்வாயில வருது டீச்சர். கால்வாய் மண்ணு மூடித் தூந்து போச்சுன்னா வராது. எங்க நைனா, மாமா எல்லாம் போயி வெட்டி உடுவாங்க.”

முன் பெஞ்சு இத்தனை நாள் ஒப்பித்த எதிலும் இப்படி ஒரு பதில் இல்லை. கிருபாவதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டு நாளாக இந்தப் பெண்ணைச் சும்மா உட்கார வைத்திருந்தோமே!

அன்று முதல் பாடக்குறிப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ‘பத்து எண்ணு’ என்று எழுதிக்கொண்டாள். பிள்ளைகள் பெயரை வரிசையாக எழுதி, யாரிடம் கேள்வி கேட்டாளோ அந்தப் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைத்தாள். கசப்பு மருந்துதான். ஆனால் நன்றாக வேலை செய்தது.

பரீட்சை நாள் காலையில் தன் நோட்டைத் திருப்பினால், பென்சில் எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் ரப்பர் வைத்து அழித்திருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் மையில் ஒரு வரி: ‘குறை சொல்ல ஒன்றுமில்லை.’

“ஏன் சார் அழிச்சிட்டீங்க?”

“நீங்கதான் திருத்திக்கினீங்களே டீச்சர். பரீட்சைக்கு வர்றவரு கண்ல பழைய குறையெல்லாம் எதுக்குப் படணும்? அதுக்குத்தான் பென்சில்லயே எழுதினேன்,” என்று சிரித்தார் சிட்டிபாபு. அவர் கக்கத்தில் சுருட்டி வைத்த அதே பழைய மேப்.

கிருபாவதிக்குத் திக்கென்றது. சொல்லிவிடலாமா? இந்த நேரத்தில் சொன்னால் பதறிவிடுவாரே, மனசை நோகடிப்பானேன் என்று தயங்கினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

கர்னூலிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி, அவள் பாடம் முடிந்ததும் “பலே!” என்றார்.

அடுத்து சிட்டிபாபு. நோட்டில் ‘நன்று’ வாங்கிய பாடமாயிற்றே என்ற தைரியத்தில் மேப்பை மாட்டினார்.

“நம்ம ராஜ்ஜியத்தோட தலைநகர் எது?”

நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். “மெட்ராஸ்!”

“சபாஷ்!” என்றார் சிட்டிபாபு.

அதிகாரி பேனாவை மூடினார். “ஏமய்யா, இப்ப நீ நிக்கிற ஊரு எந்த ராஜ்ஜியம்?”

சிட்டிபாபு மேப்பைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி அவருடைய நோட்டைப் புரட்டினார். பதினாலு பக்கம், பதினாலு நன்று. மூடிக் கீழே வைத்தார்.

ஒரு மாதம் கழித்து சித்தூரில் தேறியவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். கிருபாவதியின் பெயர் இருந்தது. சிட்டிபாபுவின் பெயர் இல்லை.

பட்டியல் பலகை முன்னால் நின்றிருந்தவரிடம் போனாள்.

“சார்... அந்த மேப்பு...”

“உடுங்க டீச்சர்,” என்றார் சிட்டிபாபு. “நான் பண்ண தப்புக்கு நீங்க என்ன செய்வீங்க? உங்க கண்ல பட்டிருந்தா சொல்லாமயா இருந்திருப்பீங்க?”