ரிமோட் இருக்கும் மேசை

புதிதாக வந்த மேனேஜருக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. தன் அறையை எட்டிக்கூடப் பார்க்காத ஊழியர்கள், தலைமை எழுத்தரின் மேசையை ஈயாக மொய்த்தார்கள்.

“அண்ணே, குளிருது. குறைச்சு வைங்களேன்!”

“எனக்குப் புழுங்குதுண்ணே!”

அவர் உறை போட்ட ரிமோட்டை ஏசிப் பக்கம் நீட்டி ஓர் அழுத்து அழுத்துவார். கேட்டவர்கள் வாயெல்லாம் பல்லாகத் திரும்புவார்கள். அப்புறம் அவர் சொல்லும் வேலைக்கு மறுபேச்சே கிடையாது.

‘ஆபீசின் குடுமி இதில்தான் இருக்கிறது!’ மறுநாள் காலையில் மேனேஜர் ரிமோட்டைப் பிடுங்கித் தன் மேசையில் வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் அவர் அறையில் கால் வைக்க இடமில்லை. அவரும் அழுத்தினார்.

“அப்பாடா, இப்பத்தான் சார் உயிர் வந்துச்சு!”

கேட்ட ஃபைல்கள் பறந்து வந்தன.

மாலையில் தலைமை எழுத்தர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“ரிமோட்டைக் குடுங்க சார். வீட்ல சீரியல் நேரம் ஆயிடுச்சு.”

“அதுக்கும் ஆபீஸ் ரிமோட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

“அது எங்க வீட்டு டிவி ரிமோட் சார். இங்க ஏசி மாடியில இருக்கிற மெஷின்லேர்ந்து தானா ஓடுது, அதுக்கு ரிமோட்டே கிடையாது. யார் அழுத்தினாலும் ஒரே குளிர்தான்.”

மேனேஜர் உறையைக் கழற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“வெளியே மூச்சு விடாதீங்க. நாளைக்கு எங்க வீட்டு ரிமோட்டைக் கொண்டு வந்துடறேன்.”