கரவனெல்ல ஹயர்

தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் ஹயருக்கு, அதாவது வாடகை ஓட்டத்துக்கு, நிற்கிற மூன்று த்ரீவீல் ஆட்டோக்காரர்களும் ஜனங்களை மொட்டை அடிக்கிறார்கள் என்று கிருஷ்ணராஜ் முடிவே கட்டிவிட்டார்.

வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைக்காமல் பார்த்துக்கொள்கிற அதிகாரி அவர். கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார். இரண்டு நாளைக்கு முன் ஒரு பொம்பளை போனில் பொரிந்து தள்ளியிருந்தாள்.

"கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஹயர் போகணும்னு யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதாங்க. மூணு பேரும் கூடிப் பேசி வச்சிருக்காங்க."

பேரைச் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

பேர் எதற்கு? கிருஷ்ணராஜுக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. அப்போதுதான் வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்திருந்தார். ஒரு நாட்டில் பலித்த வித்தையை மற்ற நாட்டு அதிகாரிகளுக்கும் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி. வித்தை இதுதான். கூட்டாளிகளைத் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். முதலில் ஒத்துக்கொள்கிறவனுக்கு மன்னிப்பு, மற்றவனுக்கு அபராதம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஒருவனை ஒருவன் தானாகவே போட்டுக்கொடுப்பான்.

தேத்தண்ணிக் கடைப் பின்னறையில் விசாரணை. முதலில் ஏழுமலை வந்தான்.

"கூடிப் பேசி வச்சது உண்மையா?"

"உண்மைதாங்க சேர்."

"ஆரம்பிச்சது யாருன்னு சொல்லு, உன்னை விட்டுடுறேன். மத்தவங்களுக்கு அபராதம். அதோட இந்தச் சந்தியில வண்டி நிறுத்தவும் முடியாது."

 தவணைக்கு வண்டி கொடுத்த லீசிங்காரன் அதை இழுத்துக்கொண்டு போவது ஏழுமலையின் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நான்தாங்க சேர். அவங்க சும்மா தலையாட்டினாங்க, அவ்வளவுதான்."

அடுத்தவர் புவாட். "நான்தான் சேர் தொடங்கின. ஏழுமலைக்கு ஒண்ணும் தெரியா. பாவம், லீசிங் கட்டுற மனுசன்."

சுதாகரன் உள்ளே வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தான். "அவங்க சொன்னதை நம்பாதீங்க சேர். எல்லாம் நான்தான்."

கிருஷ்ணராஜுக்குத் தலை சுற்றியது. எந்த நாட்டுக்காரனும் இப்படி ஒன்று நடக்கும் என்று சொல்லித்தரவில்லையே. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூவரையும் கடை வாசலில் நிறுத்தினார்.

"கூடிப் பேசுறது தப்புன்னு தெரியாதா?"

"இப்பதான் சேர் தெரியும்," என்றார் புவாட். "பஸ்காரங்களுக்கு நட்டம்தான். அதை நாங்க யோசிக்கல்ல."

"சரி, இனிமே செய்ய மாட்டோம்னு சொல்லுங்க. இந்த ஒரு தடவை விட்டுடுறேன்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அது மட்டும் முடியாதுங்க சேர்," என்றான் ஏழுமலை. "அபராதத்தைப் போடுங்க."

என்ன நெஞ்சழுத்தம். கிருஷ்ணராஜ் பேனாவை எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, வேடிக்கை பார்த்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வெள்ளையம்மா வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"போன் பண்ணினது நான்தாங்க ஐயா."

"அக்கா, நீங்களா?" சுதாகரன் திகைத்துப்போனான்.

கிருஷ்ணராஜுக்குப் போன உயிர் வந்தது. "பயப்படாம சொல்லுங்கம்மா. எவ்வளவு கேட்டாங்க?"

"கேட்டிருந்தா நான் ஏங்க போன் பண்றேன்? மூத்த மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனது, புள்ளையோட வீட்டுக்குக் கொண்டாந்தது, அப்புறம் ஊசிக்குப் போனது, ஒண்ணுக்கும் ஒரு சல்லி வாங்கல. புள்ளைத்தாச்சியையோ கைப்புள்ளைக்காரியையோ ஏத்துனா காசு இல்லைன்னு கூடிப் பேசி வச்சிருக்காங்களாம். அடுத்த மாசம் சின்னவளுக்கு நாள் வருது, திரும்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்? நீங்களாவது ஒரு அதட்டு அதட்டி, ஒருத்தரையாவது காசு வாங்க வைங்க ஐயா."