பெயர் வந்த பிறகு

ஊரில் பரவிய நோய்க்குத் தெருக்காரர்கள் ‘தையல்காரி காய்ச்சல்’ என்று பெயர் வைத்தபோது, வாத்தியாரின் மனைவி நன்றாகத்தான் இருந்தாள். தெருவில் தையல்காரி அவள் ஒருத்திதான்.

“ஊருக்கே சட்டை தச்சேன், காய்ச்சலையும் நான்தான் தச்சுக் குடுத்தேனாக்கும்!” என்று சிரித்தாள். அடுத்த வாரம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

பிறகு அது ‘பால்காரர் காய்ச்சல்’ ஆயிற்று. பெயர் வந்த அன்று கல்லுப்போலத் திடமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த பால்காரரும் போய்ச் சேர்ந்தார்.

பெயரை முதலில் சொன்னது யாரென்று வாத்தியார் வீடு வீடாகக் கேட்டார். எல்லோரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்கள்.

இன்று மருந்துக்கடைக்காரர் தள்ளி நின்றே பேசினார்.

“சார், பாப்பாவுக்கு எப்படி இருக்கு?”

“அவளுக்கென்ன? நல்லாத்தான் இருக்கா.”

“இல்ல, ‘வாத்தியார் பொண்ணு காய்ச்சல்’னு சொல்றாங்களே...”

வாத்தியார் வீட்டுக்கு ஓடினார். மகள் வாசலில் தனியாகப் பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சூடில்லை. கையை எடுக்க மனம் வரவில்லை.